பெட்ரோல் டாங்கும் கோடை எச்சரிக்கையும்

ஒவ்வோர் ஆண்டும் அக்கினி நட்சத்திரத்திற்குச் சற்று முன்பாக ஓர் எச்சரிக்கை தமிழ்நாட்டில் வலம்வரத் தொடங்குகிறது. கைபேசிக்குக் கைபேசி தாவிச் செல்லும் அந்தச் சிறு அறிவிப்பைக் காணாத வாசகர் சிலராகவே இருப்பர். நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது வழக்கம். பத்து வரிகூட இல்லாத அறிவிப்புக்கு எதற்கு மதிப்புரை என்று கேட்கலாம். பல அறிவியல் நூல்களைவிட அதிகம் பேர் படிப்பதும், படித்தபடியே நடந்துகொள்வதும் இவ்வறிவிப்பைத்தான். ஆகவே இதனையும் ஓர் அறிவியல் எழுத்தாகக் கொண்டு ஆராய்வது தகும்.

அறிவிப்பு கூறுவன நான்கு. வெயில் ஏறுவதால் பெட்ரோல் டாங்கை முழுதும் நிரப்பினால் வெடிக்கும்; எனவே பாதி நிரப்பிக் காற்றுக்கு இடம் விடவேண்டும்; இந்த வாரம் மட்டும் 5 விபத்துகள் நிகழ்ந்துவிட்டன; நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த வாயுவை வெளியேற்றவேண்டும். இவற்றின் கீழே இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பெயர் காணப்படும். அந்நிறுவனமோ இதனைத் தான் வெளியிடவில்லை என்று 2022ஆம் ஆண்டிலும் மறுத்துள்ளது.

உண்மை எவ்வளவு?

முற்றிலும் பொய்யான வதந்தி நெடுநாள் வாழாது. இதிலும் ஓர் உண்மை உண்டு: பெட்ரோல் டாங்கினுள் அழுத்தம் உண்டாவது மெய்தான். வெயிலில் நின்ற வண்டியின் மூடியைத் திருகும்போது 'புஸ்' என்ற ஒலியை நாம் கேட்டிருக்கிறோம்.

பெட்ரோல் எளிதில் ஆவியாகும் நீர்மம். ஏறத்தாழ 38 டிகிரி செல்சியசில் அதன் ஆவியழுத்தம் 60 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு. நிலத்தடித் தொட்டியிலிருந்து 28 டிகிரியில் வந்த பெட்ரோல் வண்டியில் 43 டிகிரிக்குச் சூடேறுவதாகக் கொள்வோம். காற்றுப் புகாதபடி டாங்கை முற்றிலும் அடைத்திருந்தால், ஆவியின் பெருக்கமும் காற்றின் விரிவும் சேர்ந்து உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்களவு கூடும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தமோ இதைப்போல் ஆறு மடங்கு!

பெட்ரோலும் விரிவடையும். 35 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ அரை லிட்டர் பெருகும். இதனை எதிர்பார்த்தே டாங்கின் மேற்பகுதியில் காலியிடம் விட்டு அமைக்கிறார்கள். மேலும், டாங்க் முற்றிலும் அடைபட்ட பாத்திரமன்று. அதிலிருந்து ஒரு குழாய் கரித்துகள் நிரம்பிய சிறு கலத்திற்குச் செல்கிறது. பட்டறைக்காரர்கள் இதனைக் 'கேனிஸ்டர்' என்பர். பகலில் வெளிப்படும் ஆவியைக் கரி பற்றிக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது அதனை உறிஞ்சி எரித்துவிடும். அண்மைக்கால இருசக்கர வண்டிகளிலும் இக்கலம் உண்டு.

வெடிக்குமா?

அழுத்தம் உண்டென்றால் வெடிப்பும் உண்டு என்று தாவுவதே அறிவிப்பின் முதற்பிழை. பெட்ரோல் ஆவி தீப்பற்ற, காற்றில் அது 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கவேண்டும். டாங்கினுள் பெட்ரோலுக்கு மேலுள்ள வெளியில் ஆவி ஐந்தில் இரு பங்குக்கும் மேல் நிறைந்திருக்கிறது. எரிவதற்குப் போதிய காற்று அங்கே இல்லை. பெட்ரோல் தானே தீப்பற்ற 250 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். எந்தக் கத்திரி வெயிலும் அதை எட்டாது.

'காற்றுக்கு இடம் விடுங்கள்' என்ற அறிவுரை இந்த இடத்தில் தலைகீழாகிறது. தீக்குத் தேவையான காற்றையே உள்ளே அழைக்கச் சொல்கிறது அறிவிப்பு! பாதி காலியான டாங்கில் ஆவி நிரம்பும் வெளியும் மிகுதி. பகலில் அது விரிந்து வெளியே மூச்சு விடுகிறது. இரவில் சுருங்கிக் காற்றை உள்ளிழுக்கிறது. நிறைந்த டாங்கில் இந்த மூச்சு குறைவு.

மூன்றாவது கூற்றான '5 விபத்துகள்' பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. எந்த ஊர், எந்த நாள், எந்த வண்டி என்ற விவரம் ஒன்றும் இல்லை. 'இந்த வாரம்' என்ற சொல் மட்டும் ஆண்டுதோறும் மாறாமல் திரும்பி வருகிறது.

நான்காவது கூற்றே தீங்கானது. மூடியைத் திறந்தால், கரி பற்றவேண்டிய ஆவி நேரே வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து காற்றுடன் கலக்கும். 40 விழுக்காடாக உள்ளே இருந்தது வெளியே நீர்த்துப்போகும்போது, எரியக்கூடிய 1.4–7.6 விழுக்காட்டு எல்லையைக் கடந்தே தீரவேண்டும். வண்டிகள் நெருங்கி நிற்கும் கொட்டகையில் நாள்தோறும் இதைச் செய்வது, இல்லாத ஆபத்துக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தை உண்டாக்குவதாகும்.

மறுப்பின் குறை

இனி மறுப்பைப் பார்ப்போம். தயாரிப்பாளர் குறித்த அளவு வரை நிரப்புவது எக்காலத்திலும் பாதுகாப்பானது. வண்டியை வடிவமைப்போர் வெப்பநிலையையும் கணக்கில் கொண்டே அமைக்கின்றனர் என்பது அதன் சாரம். சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் ஏன் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. வதந்தி 'அழுத்தம்' என்ற ஒரு காரணத்தைச் சொல்கிறது. மறுப்போ 'நம்புங்கள்' என்கிறது. தவறான காரணமேயானாலும் காரணம் சொல்பவன் பக்கமே மக்கள் மனம் சாயும். அடுத்த கோடையில் அறிவிப்பு மீண்டும் தளிர்ப்பது இதனால்தான்.

பேசாமல் விட்ட அழுத்தம்

இரண்டு தரப்பும் பேசாத ஓர் அழுத்தம் உண்டு. அது பெட்ரோல் போடும் அந்த 2 நிமிடங்களில் எழுவது.

குறுகிய கழுத்துள்ள புட்டியில் புனலை அழுத்தி வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினால், அது இறங்காமல் புனலிலேயே நிற்கும். புனலைச் சற்றே தூக்கிப் பிடித்தால் 'குபுகுபு'வென்று இறங்கும். உள்ளே இருந்த காற்று வெளியேற வழி கிடைத்துவிட்டது! காரிலும் இதே கதைதான். 35 லிட்டர் பெட்ரோல் உள்ளே போனால் 35 லிட்டர் ஆவிக்கலவை வெளியேறியாக வேண்டும். அதன் வழி அடைபட்டிருந்தால் அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். பெட்ரோல் கழுத்துவரை ஏறும். நாசிலின் நுனியிலுள்ள சிறு துளையைப் பெட்ரோல் மூடியதும் 'டக்' என்று ஓட்டம் நின்றுவிடும். பங்க்குகளில் இதனை 'ஆட்டோ கட்' என்பர். டாங்க் நிறையுமுன்பே மீண்டும் மீண்டும் இவ்வாறு நின்றால், ஆவி செல்லும் வழியைப் பார்க்கச் சொல்லவேண்டும் என்பது பொருள்.

வெளியேறும் அந்த ஆவியில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் பெட்ரோல் இருக்கிறது. 35 லிட்டருக்கு 35 கிராம்! இது எங்கே போகிறது? கழுத்தின் வழியே, அருகில் நிற்பவரின் முகத்திற்கு நேராக.

இங்குத் தண்டலத்தை நினைத்துக்கொள்வோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூரைச் சுற்றி, 1998 முதல் கார்களை வெளியிட்டுவரும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும், 2010இல் ரெனோ–நிஸான் ஆலை தொடங்கிய ஒரகடமும் இருக்கின்றன. ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி, சோதனை மையமும் அமைந்துள்ளது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 விதிப்படி, அடைத்த அறையில் காரை வைத்து அளக்கும்போது அதிலிருந்து கசியும் ஆவி 2 கிராமைத் தாண்டக்கூடாது. அந்த 2 கிராமுக்காகப் பொறியாளர்கள் எவ்வளவோ பாடுபடுகிறார்கள். அதே கார் ஆலையைவிட்டு வெளியே வந்து முதல் பங்க்கில் நின்றதும், சில நிமிடங்களில் 35 கிராமை விட்டுவிடுகிறது. பெட்ரோல் போடும்போது எழும் ஆவியை வண்டியே பிடித்துக்கொள்ளும் அமைப்பை அமெரிக்கா 1998 மாதிரிக் கார்கள் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. நம் பி.எஸ். 6 விதியில் அது இடம்பெறவில்லை.

மாற்றுவழியாக, பங்க்கின் நாசிலே ஆவியை உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்குத் திருப்பும் அமைப்பு உண்டு. இதுபற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்விலிருந்து 2023இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெறிமுறைகள் விற்பனை அளவோடு நகரின் மக்கள்தொகையையும் அளவுகோலாகக் கொள்கின்றன. மூச்சுக்குழலுக்கு நகரமென்றும் சிற்றூரென்றும் வேறுபாடு தெரியுமா? பெட்ரோலில் 1 விழுக்காடு வரை பென்சீன் இருக்கலாம். அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்பது உறுதியானது. நாம் 2 நிமிடம் நின்று போகிறோம். நாசிலைப் பிடித்து நிற்கும் பெண்ணோ பணிநேரம் முழுதும் அங்கேயே நிற்கிறார்.

அழுத்தத்தைக் கண்டு அஞ்சச் சொன்ன அறிவிப்பு, அந்த அழுத்தம் யார்மீது இறங்குகிறது என்பதைக் காணத் தவறியது. அதன் பெருங்குறை இதுவே.

அடுத்த முறை அவ்வறிவிப்பு வந்தால் அழித்துவிட்டு மட்டும் அமையாதீர்கள். அனுப்பியவருக்கு மண்ணெண்ணெய்ப் புனலின் கதையைச் சொல்லுங்கள். டாங்கைத் தாராளமாக நிரப்பிக்கொள்ளுங்கள்; மூடியை வீணாகத் திறக்காதீர்கள். 'டக்' என்று நின்றபின், 'இன்னும் பத்து ரூபாய்க்கு' என்று கேட்காதீர்கள். அந்தப் பத்து ரூபாய்ப் பெட்ரோல் கரிக்கலத்தில் புகுந்து அதனைக் கெடுக்கும். கழுத்தில் வழிந்தால், நாசிலைப் பிடித்து நிற்பவர்தான் அதனையும் முகரவேண்டும்.