ஐந்து நிமிட ஆயுள்

ஜேசன் ரோரர் 2007-இல் உருவாக்கிய ‘பாசேஜ்’ என்ற வீடியோ கேம் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். திரை 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ரிப்பன் துண்டு மாதிரி. வசனம் கிடையாது.

முதலில் இளைஞன் திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். வலப்பக்கம், இனி போகவேண்டிய இடமெல்லாம், கலங்கித் தெரிகிறது. நேரம் போகப்போக அவன் உருவம் வலது ஓரத்தை நோக்கி நகர்கிறது, முதுமை தட்டுகிறது. இப்போது கலங்கிக் கிடப்பது இடப்பக்கம், கடந்து வந்த பாதை. எதிர்பார்ப்பு தேய்ந்து நினைவு பெருகுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வழியில் ஒரு பெண் நிற்கிறாள். தொட்டால் துணையாக வருவாள். இருவருமாக நடந்தால் முன்னேறும் அடிகளுக்கு இரட்டை மதிப்பெண். ஆனால் ஒட்டியே நடக்கும் ஜோடி குறுகிய சந்துக்குள் நுழைய முடியாது. அங்குள்ள புதையல் பெட்டிகள் போனது போனதுதான். முடிவில் அவள் இறக்கிறாள். அவன் நடை தளர்கிறது, பிறகு அவனும். சேர்த்த மதிப்பெண்ணால் அந்த முடிவை ஒரு நொடிகூடத் தள்ளிப்போட முடியாது.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012-இல் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. பொருத்தம்தான். துணையா, புதையலா என்று நாவலில் பாத்திரம் முடிவு செய்யும். இங்கே நம் விரல் முடிவு செய்கிறது. ஆட்டத்தின் விதியே உவமையாகிவிடுவதால், அதைப் புரிந்துகொள்ள ஆடினாலே போதும்.