மரித்தோரை அஞ்சாத மரபு

நவம்பர் 2ஆம் திகதி மாலையில், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி முதலிய பகுதிகளின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம்பிட்டி மயானத்தில் தத்தம் கல்லறைகளின் புல்லைப் பிடுங்கி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துச் செல்லும் வரை காத்து நிற்பதையும், ஆடி அமாவாசையன்று அதே வட்டாரத்துச் சைவக் குடும்பங்கள் முகத்துவாரக் கடலோரத்தில் எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்க்கடன் கழிப்பதையும் அடுத்தடுத்துக் கண்ட ஒருவர், இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டினால் அதில் வியப்பில்லை. பெற்றவரை மறவாத நன்றியுணர்ச்சி இரண்டிலும் ஒன்றுதான். ஆயின், மரித்தவர் இப்பொழுது யார் கையில் இருக்கிறார், அவரால் நமக்கு ஆவதும் ஆகாததும் யாது என்னும் வினாக்களுக்குக் கிறிஸ்தவ மரபு தரும் விடை வேறு. அந்த விடையிலும் கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே மூன்று நெறிகள் உள.

மரித்தோரிடம் குறி கேட்பதை உபாகமத்தின் 18ஆம் அதிகாரம் அருவருப்பென்று விலக்குகிறது. எந்தோரிலே அஞ்சனக்காரியைத் தேடிப்போய்ச் சாமுவேலை எழுப்புவித்த சவுல் மன்னன் மறுநாளே போர்க்களத்தில் மடிகிறான். ஆனால் அதே மறைநூல், மலைமேல் உருமாறிய இயேசுவோடு மோசேயும் எலியாவும் உரையாடியதாகச் சொல்கிறது. எபிரெயர் நிருபமோ விசுவாசத்தில் மரித்த முன்னோரை நம்மைச் சூழ்ந்து நிற்கும் சாட்சிகளாகக் காட்டுகிறது. மரித்தோர் இல்லாமற் போகவில்லை. நம் அழைப்புக்கு வந்து ஏவல் செய்பவர்களும் அல்லர். மூன்று நெறிகளும் இங்கிருந்தே புறப்படுகின்றன.

கத்தோலிக்க நெறி காலத்தால் மூத்தது. அநுஷ்டானங்களால் இவ்வூரில் மிகச் செழித்ததும் அதுவே. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கத்தோலிக்க வீட்டின் முன்னறையில் திருவிருதய ஆண்டவரின் படமும், அதன் கீழ் இரவுபகலாக எரியும் சிறு சிவப்பு மின்குமிழும், சற்றுத் தள்ளி, மாலை சூட்டிய பாட்டனாரின் புகைப்படமும் இருக்கும். விளக்கு ஆண்டவருக்கு, மாலை பாட்டனாருக்கு. இந்தத் தராதரத்தை எழுத்தறியாத பாட்டிமாரும் பிழையின்றிக் காத்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையும் அத்தகையதே: சைவரின் அந்தியேட்டியும் ரோமைச் சபையின் முப்பதாம் நாள் பூசை மரபும் நாளால் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன, கருத்தால் அன்று. உத்தரிக்கிற ஸ்தலத்தில் சுத்திகரிக்கப்படும் ஆத்துமாவுக்கு நாம் உதவி செய்கிறோம். நம்மைத் தண்டிக்க அது திரும்பி வருவதில்லை. 1563இல் இக்கோட்பாட்டை உறுதிப்படுத்திய திரிதெந்து பொதுச்சங்கம், அதே தீர்மானத்தில், வீண் ஆராய்ச்சிக்கும் மூடபக்திக்கும் இழிந்த ஆதாயத்துக்கும் இடந்தருவனவற்றை ஆயர்கள் தடைசெய்ய வேண்டுமென்றும் விதித்தது. சீனத்து முன்னோர் வணக்கத்துக்கு 1742இல் உறுதிசெய்யப்பட்ட தடை நெடுங்காலம் நின்று, 1939 டிசம்பரில் ரோமையால் தளர்த்தப்பட்டபோது, மூதாதையர் படத்துக்கு முன் தலைவணங்குவது குடும்ப மரியாதையே என்பதும் ஏற்கப்பட்டது. காவல் சம்மனசு, உத்தரியம், தீர்த்தம், செவ்வாய்தோறும் மதபேதமின்றி மக்கள் திரளும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் என்று இந்நெறியில் காவலுக்கும் குறைவில்லை. உத்தரியத்தைத் தாயத்துப்போல் அணிபவரும் உண்டு; போதனை குறைந்த இடத்தில் அது நேர்கிறது.

சீர்திருத்தத் திருச்சபைகளின் நெறியைச் சுருக்கமாகவே சொல்லலாம்; அது மௌனத்தையே தன் சிறப்பாகக் கொண்டது. 1757இல் நிறைவுற்ற வுல்வெண்டால் ஆலயத்து ஒல்லாந்த மரபினரும், ஜிந்துப்பிட்டிப் புனித தோமையார் ஆலயத்து அங்கிலிக்கரும், 1814இல் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரிமாரின் வழிவந்த மெதடிஸ்தரும், மரித்தவர் கிறிஸ்துவின் கரத்தில் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கிலிக்கரின் 39 பிரமாணங்களில் 22ஆவது, உத்தரிப்புப் பற்றிய ரோமைக் கொள்கையை வேதாதாரமற்றதென்று தள்ளிவிட்டது. மரணவீட்டில் இந்த மௌனம் சிலருக்கு வறட்சியாகத் தோன்றலாம். பேயச்சம் மிகுந்த ஒரு நாட்டில் அது எத்தனை வீடுகளுக்கு நிம்மதியைத் தந்தது என்பதையும் நினைக்கவேண்டும்.

மூன்றாவது நெறி, 1920களில் கொழும்பில் வேரூன்றிய பெந்தெகொஸ்தே இயக்கத்தினுடையது. இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன் இந்நகரிலேயே தோன்றிக் கடல்கடந்தும் பரவிற்று. இன்று வெள்ளவத்தையில், காலி வீதியையடுத்த ஒழுங்கைகளின் மாடி மண்டபங்களில் நடக்கும் உபவாசக் கூட்டங்களுக்கு, பில்லிசூனியம் என்று அஞ்சி நடுங்கும் ஒரு பெண் வந்தால், அவள் அச்சத்தை எள்ளி நகையாடாமல், தலைமேல் கைவைத்து, பெயர் சொல்லி மன்றாடுவார்கள். யுத்தத்தில் காணாமற்போன மகனுக்கு மரித்தோர் பூசை ஒப்புக்கொடுப்பதா, உயிரோடிருப்பவனுக்கான மன்றாட்டா என்று அறியாமல் தவிக்கும் தாய்க்கு அக்கூட்டங்களில் ஒரு தோள் கிடைத்திருக்கிறது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இவ்வட்டாரத்திற் சில போதகர்கள் அண்மைக்காலத்திற் பரப்பிவரும் தலைமுறைச் சாபம் என்னும் போதனையை என்னால் ஏற்க இயலவில்லை. பாட்டன் கோயிலில் வைத்த நேர்த்தியும் பூட்டி கட்டிய தாயத்தும் பேரப்பிள்ளையின் நோயாகவும் தடைப்பட்ட கல்யாணமாகவும் வந்து நிற்கின்றன என்று சொல்வது, ஞானஸ்நானம் பெற்றவனைப் பழைய அச்சத்துக்கே மீண்டும் ஒப்படைப்பதாகும். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்பதை எசேக்கியேலின் 18ஆம் அதிகாரம் முழுதும் வலியுறுத்துகிறது. பிறவிக்குருடனைக் குறித்துச் சீடர் கேட்ட வினாவுக்கு ஆண்டவரும், அவனோ பெற்றோரோ காரணமல்லர் என்றே விடை பகர்ந்தார்.

பேயோட்டுதல் பற்றிய பழைய பிரமாணங்கள் எவ்வளவு நிதானமானவை என்பதைப் பலரும் அறியார். 1614இல் வெளிவந்த ரோமைச் சடங்குநூல், ஒருவரைப் பேய் பிடித்ததென்று எளிதில் நம்பலாகாது என்று குருவை எச்சரிப்பதோடு, பிடித்த ஆவி தன்னை இறந்துபோன ஒருவரின் ஆத்துமா என்று சொல்லிக்கொண்டால் அதையும் நம்பலாகாது என்று விதிக்கிறது. வந்திருப்பது உங்கள் தாத்தா அல்லர் என்பதே அதன் கருத்து. ஆயரின் வெளிப்படையான அநுமதியின்றி எக்குருவும் இச்சடங்கை நடத்தலாகாது என்பது இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதி. மருத்துவரின் துணையோடும் ஆயரின் அதிகாரத்தோடுமே செய்யவேண்டும் என்று இங்கிலாந்துத் திருச்சபையும் 1975இல் நெறிப்படுத்தியது. இலங்கையில் 1970களில் குடாகமத் திருத்தலத்துக்குப் பேய் பிடித்தவர்கள் என்று கொண்டுவரப்பட்டோர் திரண்டதை மானிடவியலாளர் ஆர். எல். ஸ்டிரட் 1992இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். அத்தகைய திரளின் நடுவேதான் இவ்விதிகள் மிகவும் வேண்டப்படுகின்றன.

காவல் பற்றிய போதனைகள் யாவும் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் சோதிக்கப்பட்டன. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பூசை கண்டுகொண்டிருந்தவர்களும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற குழந்தைகளும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் ஒரே காலையில் மாண்டார்கள். உத்தரியம் அணிந்தவரும் 91ஆம் சங்கீதத்தை வாசற்படியில் ஒட்டி வைத்தவரும் அவர்களுள் இருந்திருப்பார்கள். இவர்களின் முன்னோர் செய்த பாவம் யாது என்று அன்று எவரேனும் அவர்கள் பெட்டியருகே நின்று கேட்டிருக்கக்கூடுமா? கிறிஸ்தவன் நம்பும் காவல், மரணம் அணுகாது என்னும் உறுதிமொழியன்று. மரணத்திலும் கைவிடப்படான் என்பதே அது. 2025இல் அவ்விரு கத்தோலிக்க ஆலயங்களிலும் உயிர்நீத்த 167 பேரின் பெயர்களை ரோமை, விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. அவர்களைப் புனிதரென்று திருச்சபை முறைப்படி அறிவிக்கவில்லையாதலால் பொது வணக்கம் அவர்களுக்கு இன்னும் இல்லை. எனினும் அவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதும், வீட்டுச் செபத்தில் அவர்களிடமே மன்றாட்டுக் கேட்பதும் இரண்டுமே இன்று கத்தோலிக்கருக்குத் தகும்.