எதிரணியின் பெயர்: உதைபந்தாட்ட நினைவுரைகள் பற்றி ஒரு நோக்கு

கல்முனைக் கரையோரத்தில், அஸர் தொழுகைக்குப் பிந்திய மாலைப்பொழுதில், கடற்கரை மணலிலோ தேநீர்க் கடை வாங்கிலோ மூத்தோர் சிலர் கூடுமிடத்துப் பேச்சு விரைவில் பழைய உதைபந்தாட்டங்களை நாடிச் செல்லும். சந்தாங்கேணி மைதானத்தில் என்றோ அடிக்கப்பட்ட கோல் ஒன்று மீண்டும் அடிக்கப்படும். "அந்த ஆட்டத்த நீ பாக்கல்லியே, மகன்" என்று இளையவன் ஒருவனை நோக்கி இரக்கத்துடன் கூறப்படும். இத்தகைய உரைகளை வெறும் பழம்பெருமை என ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். நாட்டார் கவிகளைத் தேடித் தொகுத்த நாம், நம் கண்முன்னே உருவாகிவரும் இவ்வாய்மொழி வழக்கைத் திறனாய்வுக்குரியதாகக் கருதவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் போக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலில், சான்றோர் செய்யுள்களை வாய்மொழிப் பாடல் மரபுடன் பொருத்தி ஆராய்ந்தார். அவர் சுட்டிய இயல்புகள் பலவற்றை மைதானத்து நினைவுரைகளிலும் காணலாம். வீரனுக்கு அடைமொழி உண்டு. இடக்காலால் ஆடியவர் இடக்காலாலேயே பெயர் பெறுவார். சொல்பவன் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்கிறான். ஆயினும் சொல்முறை மாறுவதில்லை. இருபது யார் தூரத்தினின்று அடிக்கப்பட்ட பந்து, பத்தாண்டு கழிந்தபின் நாற்பது யார் தூரத்தினின்று அடிக்கப்பட்டதாகும். காலத்தைக் குறிப்பதற்கு ஆண்டெண் வேண்டப்படுவதில்லை. 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முன், குழப்பக் காலத்துக்குப் பின், 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்கு முன் என ஊரின் துயரங்களே நாட்காட்டியாகின்றன. வீரனின் பெயரோடு 'காக்கா' என்ற உறவுச் சொல்லும் ஒட்டிக்கொள்வதால், அவன் ஆட்டக்காரனாக மட்டுமன்றி எல்லோர்க்கும் அண்ணனாகவும் நிலைபெறுகிறான்.

இவ்வேக்கம் இத்துணை வலிமை பெற்றமைக்குப் புறக் காரணங்களும் உள. இந்நாட்டில் உதைபந்தாட்டத்தின் பெருமை எழுத்தில் நிலைபெறவில்லை. 1995இல் கொழும்பில் நடைபெற்ற தென்னாசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என வென்றது. அடுத்த ஆண்டே கிரிக்கெட் உலகக் கிண்ணம் இலங்கைக்குக் கிட்டிற்று. முந்திய வெற்றி அந்த ஆரவாரத்தில் மறைந்துபோயிற்று. தேசிய அணியின் வெற்றிக்கே இக்கதியெனின், ஊர்க் கழகங்களின் ஆட்டங்களைப் பதிந்து வைத்தவர் யார்? இருந்த நிழற்படங்களையும் சான்றிதழ்களையும் கடல்கோளில் வீட்டோடு இழந்தோர் பலர். ஆகவே, பலவிடத்தும் நினைவொன்றே ஆவணமாக எஞ்சியுள்ளது.

ஆயின், எஞ்சியிருப்பது நினைவொன்றே என்பதனால் அது முழுவதும் மெய்யாகிவிடாது. இதற்கு அண்டை நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றனர். 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திற்கு இந்திய அணி பிரேசில் செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆடுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டமையே காரணம் என இரசிகர்கள் நெடுங்காலம் நம்பிவந்தனர். ஆராய்ந்தோர் கண்ட காரணங்களோ வேறு: அணித்தெரிவில் இணக்கமின்மை, பயிற்சிக்குக் காலம் போதாமை, உலகக் கிண்ணத்தைவிட ஒலிம்பிக்கை மேலாகக் கருதியமை. வெறுங்காலின் கதை மட்டும் அழியவில்லை. நிர்வாகத்தின் தயக்கத்தைவிட அந்நியரின் தடை பெருமைக்கு உகந்ததாக இருந்தமையே அதன் காரணமெனலாம். ஏக்கம் பொய் சொல்லவேண்டும் என்று எண்ணுவதில்லை. தனக்கு இதமானதைத் தெரிந்தெடுக்கிறது.

அங்ஙனமாயின், நேர்மையான நினைவுரையை இதமான நினைவுரையிலிருந்து பிரித்தறிவது எப்படி? அதற்கான அளவுகோலை நம் இலக்கியமே தருகிறது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணிச் சேரலாதன் வடக்கிருந்தான். வென்றவனையே முன்னிறுத்திப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவனது வெற்றியை மறுக்காமலே, தோற்றவன் அவனிலும் நல்லவன் அல்லனோ என வினவினார். புறநானூற்றின் 66ஆம் பாடல் அது. தோற்றவனுக்கு அதில் இடமிருப்பதனாலேயே அப்புகழுரை முகமனாகத் தாழாது கவிதையாக உயர்கிறது. மைதானத்து நினைவுரைக்கும் இதுவே உரைகல். எதிரணியின் கோல்காப்பாளர் யார், அவர் எவ்வாறு பாய்ந்தார், தோற்றபின் எவ்வாறு நடந்துகொண்டார் என்பன நினைவில் உளவா? உளவாயின் அது மெய்யை மதிக்கும் நினைவு. இலவாயின், அது கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்துக்கொள்ளும் செயலாகும்.

இவ்வுரைகல் நம் கரையோரத்தில் விளையாட்டு நயத்தோடு நின்றுவிடுவதில்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் பாயின் இழைபோல் மாறிமாறிக் கிடக்கும் நிலம் இது. இங்கு எதிரணி எனப்படுவது பெரும்பாலும் அடுத்த ஊர். அடுத்த ஊரோ பல வேளைகளில் அடுத்த சமூகம். 1985இல் வெடித்து 1990இல் கொடுமையின் உச்சத்தை அடைந்த முரண்பாடு, அவ்வூர்களுக்கிடையே நடமாட்டத்தை மட்டுமன்றி நினைவுகளையும் துண்டாடிற்று. அதன்பின் சொல்லப்படும் கதைகள் சிலவற்றில் எங்கள் வீரர்களுக்குப் பெயர் உண்டு. எதிரே நின்றவர்களுக்கு ஊர்ப்பெயர் மட்டுமே எஞ்சுகிறது.

இதற்கு மறுதலையான பிழையும் ஒன்றுண்டு. அக்காலத்தில் யாவரும் ஒரு தாய் மக்களாய் ஆடினோம் என மேடைகளிற் கூறப்படும் பொற்கால உரையும் மெய்யன்று. போட்டி இருந்தது, நடுவரின் தீர்ப்பை எதிர்த்த கூச்சலும் இருந்திருக்கும். ஆயினும் ஒரே கோட்டை எல்லையென ஏற்று, ஒரே ஊதுகுழலுக்கு இருபத்திருவரும் நின்றனர். எதிரியாக நிற்பதற்குக்கூட அத்தகைய உடன்பாடு தேவை. பகைவனுக்கும் எதிரணி ஆட்டக்காரனுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆகவே, இந்நினைவுரைகளைத் தொகுத்தல் பல்கலைக்கழக மாணவர்க்குரிய பணியாகும். ஓர் ஆட்டத்தை ஓர் ஊரில் மட்டும் கேட்டெழுதுவது பாதித் தொகுப்பே. மருதமுனையிற் கேட்ட கதையைப் பாண்டிருப்பிலும், சாய்ந்தமருதிற் கேட்டதைக் காரைதீவிலும் கேட்டல் வேண்டும். இரு கூற்றுகளும் முரண்படலாம். கோல் எண்ணிக்கையே மாறுபடலாம். அதனால் இழப்பில்லை. தன் தந்தையின் கோலைத் தடுத்தவரின் பெயரை, அவர் ஊரிலேயே, அவர் பிள்ளையின் வாயாற் கேட்டெழுதும் மாணவன், தான் பிறக்குமுன் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தை முதன்முறையாக முழுமையாகக் கண்டவனாவான்.