புதைத்த தாலந்தா, விழுந்த விதையா?

பள்ளிப் படிப்பு முடிந்தபோது நம்மில் பலர் நெஞ்சுக்கு நெருக்கமான ஏதோவொன்றைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டோம். ஒருவருக்கு அது வயலின்; மற்றொருவருக்குத் தூரிகை; இன்னொருவருக்கு வெண்பா. பணி ஓய்வு பெற்ற பங்கு அன்பர் ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வயலினைக் கையிலெடுத்தார். மறுநாளே நம்மிடம் வந்து, "விரல் பழையபடி ஓடவில்லை, சாமி, திரும்ப எடுத்ததே தவறோ?" என்று கேட்டார். அன்று ஆறுதல் மட்டுமே சொல்லி அனுப்பினோம். அவருக்குரிய விடையை, அண்மையில் மீண்டும் கற்ற ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸின் கவிதையில் கண்டோம்.

1844இல் இங்கிலாந்தில் பிறந்த ஹாப்கின்ஸ், ஹைகேட் பள்ளியில் பயிலும்போதே, 1860இல், கவிதைக்குப் பரிசு பெற்றவர். ஓவியத்திலும் ஈடுபாடு மிக்கவர். ஆக்ஸ்போர்டில் பயில்கையில், 1866இல், நியூமன் அடிகளாரால் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1868இல் இயேசு சபையில் சேருமுன் தம் கவிதைகளை எரித்தார். ஏரோதின் வாளுக்கு இரையான பாலகரை நினைவூட்டும் சொல்லால் அச்செயலை நாட்குறிப்பில் குறித்தார். மேலாளர் விரும்பினாலன்றி இனிக் கவி புனைவதில்லை என்றும் உறுதி பூண்டார்.

ஏறத்தாழ ஏழாண்டுகள், சில சிறு கவிகள் தவிர, மௌனம். 1875 டிசம்பரில், செருமானிய நாட்டுச் சட்டங்களால் வெளியேற்றப்பட்ட பிரான்சிஸ்கன் அருள்சகோதரியர் ஐவர், 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல் தேம்சு முகத்துவாரத்தருகே மணல்திட்டில் மோதியதில் உயிர் நீத்தனர். வேல்சு நாட்டுப் புனித பியூனோ இல்லத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ் அச்செய்தியால் கலங்கினார். யாரேனும் இதைப் பாடினால் நன்று என்று இல்ல அதிபர் கூறினார். அச்சொல்லே போதுமாயிருந்தது. முப்பத்தைந்து பாடல்கள் கொண்ட 'டாய்ச்லாந்தின் சிதைவு' பிறந்தது.

சபை ஒரு கவிஞனின் வாயை அடைத்தது என்பார் உளர். அவரை எரிக்கச் சொன்னவர் எவருமிலர். மீண்டும் எழுதத் தூண்டியவரோ சபையின் அதிபரே. எனினும் சபையாரின் 'தி மந்த்' இதழ் அக்கவிதையை வெளியிட மறுத்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது.

இனிக் கவிதையை நோக்குவோம். ஹாப்கின்ஸின் பள்ளிக்காலக் கவிகளில் வருணனை மிகுதி. கீட்சின் சாயல் வெளிப்படை. 1875இன் கவியோ எவர் சாயலுமற்றது. அழுத்தம் பெறும் அசைகளை மட்டும் எண்ணும் புதிய சந்தம் அதில் ஓடுகிறது. இச்சந்தம் நெடுநாளாகத் தம் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது என்று பின்னர் அவரே நண்பருக்கு எழுதினார். மௌன ஆண்டுகளில் அவர் மேகத்தையும் அலையையும் இலையையும் நுணுகி நோக்கிக் குறிப்பெழுதினார். வேல்சு மொழி கற்று, நம் எதுகை மோனைக்கு உறவான அதன் ஒலியொழுங்கைச் செவியில் ஏற்றினார். கை ஓய்ந்திருந்தது, கண்ணும் செவியும் ஓயவில்லை.

குறையும் உண்டு. சில அடிகள் முடிச்சிட்ட கயிறுபோல் பொருளை எளிதில் விடுவதில்லை. ஆனால் மூழ்கும் கப்பலில் ஒரு சகோதரி கிறிஸ்துவைக் கூவியழைக்கும் இடத்தில், அத்திணறலே கவிதையின் மூச்சாகிவிடுகிறது. பரிசு பெற்ற பள்ளிச் சிறுவனால் இதை எழுதியிருக்க முடியாது.

நற்செய்தியில் இரண்டு பொருள்கள் மண்ணுக்குள் செல்கின்றன: ஒன்று தாலந்து, மற்றொன்று கோதுமை மணி. தாலந்து அச்சத்தால் புதைக்கப்பட்டது. சென்றபடியே திரும்பி வந்தது. கோதுமை மணி மடிந்தது, கதிராக எழுந்தது. நாம் கைவிட்ட கலை இவற்றுள் எது என்பதை, அதைக் கைவிட்ட நாளில் அறிய இயலாது. திரும்பும் நாளிலேதான் அறிவோம். பழையபடி வரவில்லை என்று வருந்துவோர், தாம் அறியாமலே தாலந்தைத் தேடுகின்றனர்.

ஹாப்கின்ஸ் 1877இல் குருவானார், 1889இல் மறைந்தார். அவர் கவிதைகளை நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் நூலாக வெளியிட்டது 1918இல்தான். புகழுக்காக அவர் திரும்பவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வயலின் அன்பருக்கு நாம் இன்று சொல்லக்கூடியது இதுவே: பதினேழு வயதில் ஓடிய விரல் இனி வராது. ஆனால் அந்த விரலுக்குத் தாயின் இறப்பு தெரியாது, மகளின் திருமணம் தெரியாது, நாற்பதாண்டு உழைப்பும் தெரியாது. இன்று தடுமாறும் விரலுக்கு அவையெல்லாம் தெரியும். அவ்விரலால் வாசியுங்கள், ஐயா. கேட்க நாம் வருகிறோம்.