கணிப்பொறியின் நினைவை நம்பலாமா?

2003-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. தலைநகர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பெக் என்னும் பகுதியில் வாக்குகளைக் கணிப்பொறி எண்ணியது. முடிவைப் பார்த்த அதிகாரிகள் திகைத்தனர். ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் விழுந்திருந்தன! மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது, அவர் கணக்கில் மட்டும் 4096 வாக்குகள் அதிகமாக இருந்தது தெரிந்தது. மற்றவர்கள் கணக்கில் எந்தப் பிசகும் இல்லை.

ஏன் சரியாக 4096? 2 என்னும் எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது 4096. கணிப்பொறி எண்களை 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எழுதி வைக்கிறது. அவ்வாறு எழுதிய எண்ணில் வலமிருந்து 13-ஆவது இடத்தில் உள்ள 0 தானாகவே 1 ஆக மாறினால், எண்ணிக்கை 4096 கூடிவிடும். நிரலை ஆராய்ந்த வல்லுநர்கள் அதில் குற்றம் ஏதும் காணவில்லை. நினைவகத்தில் ஒரேயொரு குறி தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே அவர்கள் வந்தனர்.

அன்பர்களே, அங்கே தவறு பிடிபட்டதற்குக் காரணம், வந்த விடை நம்பவே முடியாததாக இருந்ததுதான். உங்கள் வீட்டுக் கணிப்பொறியில், கடைக் கணக்கிலோ ஆராய்ச்சிக் கட்டுரையிலோ குழந்தையின் புகைப்படத்திலோ ஒரு குறி புரண்டால் அதை யார் கண்டுபிடிப்பார்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று வீட்டுக்கென விற்கப்படும் நினைவகங்களைச் சற்றே விமரிசனக் கண்ணோடு பார்ப்போம்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர்

ரேம் என்று நாம் அழைக்கும் நினைவகத்தின் அடிப்படை அமைப்பை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்ட். அவருக்கு 1968-இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி, இவ்விரண்டும் சேர்ந்தால் ஒரு சிற்றறை. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொரு சிற்றறையும் ஒரு 'பிட்'டைச் சுமக்கிறது.

இந்த மின்தேக்கி ஓர் ஓட்டைக் குடம் போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, டி.டி.ஆர்.-4 வகை நினைவகத்தில் 64 மில்லி செகண்டுக்குள் எல்லாச் சிற்றறைகளையும் ஒருமுறை படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். அதாவது, ஒரு செகண்டில் பதினைந்து முறைக்கு மேல்! 16 ஜிகாபைட் நினைவகத்தில் உள்ள சிற்றறைகள் ஏறத்தாழ 13,744 கோடி. இத்தனை ஓட்டைக் குடங்களில் ஒன்றுகூட எந்நாளும் தவறாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நம்பிக்கை தவறு என்பது புதிய செய்தியன்று. சில்லுகளைப் பொதிந்திருக்கும் உறையில் மிகச் சிறிதளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் ஆல்ஃபா துகள்களை வெளியிட்டு பிட்டுகளைப் புரட்டுகின்றன என்பதை இன்டெல் நிறுவனத்தின் டிமதி மே, மர்ரே உட்ஸ் ஆகிய இருவரும் 1978-இல் எடுத்துக் காட்டினர். மறு ஆண்டே ஜீக்ளர், லான்ஃபோர்ட் என்னும் விஞ்ஞானிகள், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதே தீங்கைச் செய்யக்கூடும் என்று கணக்கிட்டு எழுதினர். உறைகளைத் தூய்மையான பொருள்களால் செய்து முதல் தொல்லையைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள். இரண்டாவதற்கு வீட்டுக் கூரை தடையாகாது.

மருந்து இருந்தது, நிறுத்தினார்கள்

நோய்க்கு முன்பே மருந்து பிறந்துவிட்டது என்பதுதான் இதில் வியப்பு. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் ஓடவிட்ட கணக்குகள் இயந்திரத்தின் தவற்றால் பாதியில் நின்றுபோவதைக் கண்டு சலிப்படைந்தார். தவறு நேர்ந்ததை அறியும் இயந்திரம், அது எங்கே என்பதையும் அறிந்து தானே திருத்திக்கொள்ளக் கூடாதா என்று எண்ணினார். 1950-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை அதற்கு வழி சொன்னது.

அதன் கருத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் விளக்கலாம். 64 மாணவர்களை எட்டு வரிசைகளாக, வரிசைக்கு எட்டுப் பேராக நிறுத்துங்கள். சிலர் தொப்பி அணிந்திருக்கட்டும். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும் தொப்பிகள் இரட்டைப்படையா, ஒற்றைப்படையா என்று குறித்து வையுங்கள். நீங்கள் திரும்பி நிற்கும்போது ஒரு மாணவன் தொப்பியைக் கழற்றிவிட்டால், ஒரு வரிசையின் குறிப்பும் ஒரு பத்தியின் குறிப்பும் பொய்யாகும். அவை சந்திக்கும் இடத்தில் நிற்பவனே குற்றவாளி! இந்த முறைக்கு 16 குறிப்புகள் வேண்டும். ஹாமிங் வழியில் 64 பிட்டுகளுக்கு 7 போதும். எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தால், இரண்டு பிட்டுகள் ஒருசேரப் புரண்டாலும் தெரிந்துவிடும். இப்படி 64-க்கு 72 பிட்டுகளை வைத்து ஒற்றைத் தவற்றைத் திருத்திக்கொள்வதே 'ஈ.சி.சி.' நினைவகம்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். வீட்டுக் கணிப்பொறியில் இதன் எளிய வடிவம் இருந்தது. எட்டு பிட்டுகளுக்கு ஒன்பதாவது பிட் ஒன்று காவல் இருந்தது. அதனால் திருத்த முடியாது; ஆனால் தவறு கண்டவுடன் திரையில் அறிவித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிடும். 1990-களில் விலைப் போட்டி முற்றியபோது அந்தக் காவற்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணிப்பொறி நிற்பது குறைந்தது. தவறு குறையவில்லை; தவறு நேர்ந்ததை அறிவிப்பார் இல்லாமற்போனார்கள்.

"வீட்டுக்கு இது தேவையில்லை"

தயாரிப்பாளர்களின் வாதம் இதுதான்: வங்கிக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் தேவைப்படும் காவல் வீட்டுக்கு எதற்கு? தவறுகள் அரிது; செலவோ அதிகம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. விளையாடவும் திரைப்படம் பார்க்கவும் மட்டுமே கணிப்பொறி வைத்திருப்பவருக்கு ஒரு பிட் புரண்டால் பெரும்பாலும் ஒன்றும் நேராது.

ஆனால் தவறுகள் அவ்வளவு அரிதா? கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களும், நினைவக அட்டைகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவையும் திருத்தத்தக்க தவறு ஒன்றையாவது செய்திருந்தன. ஒருமுறை தவறிய அட்டை மீண்டும் தவறும் வாய்ப்பு மிக அதிகம் என்றும் கண்டார்கள். 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் பத்து லட்சம் அளவிலான சாதாரண மக்களின் கணிப்பொறிகளை ஆராய்ந்தபோதும் இதே போக்குத் தெரிந்தது. வன்பொருள் பழுதால் ஒருமுறை நின்றுபோன இயந்திரம் மறுமுறையும் நின்றுபோகும் வாய்ப்புப் பல மடங்கு உயர்ந்தது. நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்டவை கூடுதலாகப் பழுதுபட்டன.

2014-இல் வந்த செய்தி இன்னும் கவலை தருவது. ஒரே வரிசையை அதிவேகமாகத் திரும்பத் திரும்ப அணுகினால் பக்கத்து வரிசையின் பிட்டுகள் புரண்டுவிடுகின்றன என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் இன்டெல் ஆய்வாளர்களும் காட்டினார்கள். சோதித்த 129 அட்டைகளில் 110 அட்டைகள் இவ்வாறு தவறின. சிற்றறைகளை நெருக்கமாக அடுக்க அடுக்க இந்தத் தொல்லை வளர்கிறது. இதற்கு ஈ.சி.சி.யும் முழுக் காப்பு அன்று.

செலவைப் பற்றிய வாதமும் முழுமையன்று. கூடுதலாகத் தேவைப்படுபவை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சில்லுகளே. விலை அதைவிட ஏறுவதற்குக் காரணம், இந்த வசதியைப் பிராசசரிலும் மதர்போர்டிலும் தொழிலக வகைகளுக்கென்று ஒதுக்கி வைத்த வியாபார ஏற்பாடுதான். லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் இதற்காக இன்டெல் நிறுவனத்தை 2021 ஜனவரியில் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அவர் கோபம் நியாயமானதே என்பது என் கருத்து.

பெட்டியின் மேல் எழுதாதது

இனி கடைக்குப் போவோம். நினைவக அட்டையின் பெட்டியில் எதை எழுதியிருக்கிறார்கள்? வேகம், வண்ண விளக்கு, வெப்பம் தணிக்கும் உலோகக் கவசம், ஆயுட்கால உத்தரவாதம். தவறு எத்தனை நேரும் என்ற எண்ணிக்கை மட்டும் இல்லை!

வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 'எக்ஸ்.எம்.பி.' போன்ற அமைப்பை இயக்கினால்தான் கிடைக்கும். அது பொதுத் தர நிர்ணயத்துக்கு மேற்பட்ட வேகம். டி.டி.ஆர்.-4 நினைவகத்துக்கு வகுத்த மின்னழுத்தம் 1.2 வோல்ட், இத்தகைய அட்டைகளுக்கோ பெரும்பாலும் 1.35 வோல்ட். உலோகக் கவசமும் பெரிய காப்பு அன்று. முன்சொன்ன 2009 ஆய்வில், சாதாரண வெப்பநிலை ஏற்ற இறக்கம் தவறுகளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

உத்தரவாதத்தைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் புதிய பெரிய வட்டு ஒன்று வாங்கி, குடும்பப் புகைப்படங்களை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டுப் பழைய வட்டை அழித்தேன். பல மாதங்களுக்குப் பின் அக்காவின் கல்யாணப் படங்களைத் திறந்தால், சிலவற்றில் பாதிக்குக் கீழே நிறம் மாறிக் கிடந்தது. சில திறக்கவே இல்லை. வட்டின் மேல் சந்தேகப்பட்டு அதை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் நினைவகத்தை ஓர் இரவு முழுவதும் சோதித்தபோது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறு காட்டியது. கடைக்காரர் மறுபேச்சின்றிப் புது அட்டை கொடுத்தார். உத்தரவாதம் அட்டைக்குத்தானே, அக்காவின் கல்யாணத்துக்கு அல்லவே!

நகல் எடுக்கும் ஒவ்வொரு கோப்பும் நினைவகத்தின் வழியாகவே போகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். வழியில் கெட்டால் நகலும் கெட்டதே.

டி.டி.ஆர்.-5 வகை வந்தபின், "இதிலேயே ஈ.சி.சி. உண்டு" என்று விற்பனையாளர்கள் சொல்வதைக் கேட்கலாம். இது பாதி உண்மை. 2020-இல் வெளியான இத்தரத்தில் ஒவ்வொரு சில்லும் தனக்குள் நேரும் ஒற்றைத் தவறுகளைத் திருத்திக்கொள்கிறது. சிற்றறைகள் மிகச் சிறுத்துவிட்டதால் இது தேவையாயிற்று. ஆனால் சில்லுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதைக்கு இது காவல் அன்று. முழுக் காவல் வேண்டுமானால் தனி ஈ.சி.சி. அட்டையே வாங்க வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், இழந்தால் ஈடு செய்ய முடியாதது எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஏதேனும் இருந்தால், பிராசசர், மதர்போர்டு, நினைவகம் ஆகிய மூன்றும் ஈ.சி.சி.யை ஏற்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றில் ஒன்று ஏற்காவிட்டாலும் கொடுத்த பணம் வீண். ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசர்களில் பல இதை ஏற்பவை. மதர்போர்டு தயாரித்தவரும் அதை உறுதி சொல்லியிருக்க வேண்டும்.

அது இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். மதர்போர்டு தயாரித்தவர் சோதித்து வெளியிட்டுள்ள பட்டியலில் உள்ள அட்டையை வாங்குங்கள். தேவையான அளவை ஒரே தொகுப்பாக வாங்குங்கள். பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். பொதுத் தர வேகத்திலேயே ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86+ போன்ற இலவசச் சோதனை நிரலை முதல் இரவே ஓடவிடுங்கள். ஒரேயொரு தவறு தென்பட்டாலும் அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை தவறியது மறுபடியும் தவறும் என்பதை மேலே கண்டோம். நகல்களைச் சரிபார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள்.

கடைக்காரரிடம் வேகம் எவ்வளவு என்று கேட்கிறோம். விலை எவ்வளவு என்று கேட்கிறோம். "இது தவறினால் எனக்குத் தெரியுமா?" என்று கேட்பவர் சிலரே. வாங்குபவர் கேட்காததை விற்பவர் தாமாகத் தருவதில்லை. அடுத்த முறை நீங்கள் கேளுங்கள்.