நளாயினிக்கு முதுகு வலித்ததா?

‘அமூர்’ என்றால் பிரெஞ்சு மொழியில் காதல். மைக்கேல் ஹனேகே இயக்கிய அந்தப் படம் 2012இல் கான் விழாவின் தங்கப்பனை விருதையும், அடுத்த ஆண்டு சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கரையும் பெற்றது. பாரிஸில் ஓர் அடுக்கக வீடு. ஆன், ஜார்ஜ் என்ற வயது முதிர்ந்த இசையாசிரியத் தம்பதி. ஒருநாள் காலை உணவின்போது ஆன் திடீரென உறைந்துபோகிறார். கழுத்து ரத்தக்குழாயில் செய்த அறுவை சிகிச்சை கைகொடுக்காமல், வலப்பக்கம் செயலிழந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். மறுபடி மருத்துவமனைக்கு அனுப்பக்கூடாது என்று கணவரிடம் வாக்குக் கேட்கிறார். அதற்குப் பிறகு படம் அந்த வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

பக்கவாதம் வந்த மனைவியைக் கணவர் பார்த்துக்கொண்டால் அதற்குப் பெயர் காதல். என் அப்பாவை அம்மா ஆறு வருடங்கள் பார்த்துக்கொண்டபோது எங்கள் உறவினர் ஒருவர்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. “நளாயினிதான்” என்றார்கள். பழங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நமக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கதையில், நளாயினி தொழுநோய்க் கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, அவன் விரும்பிய தாசியின் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அவன் விடிவதற்குள் இறப்பான் என்று சாபம் விழ, சூரியனையே உதிக்கவிடாமல் நிறுத்துகிறாள். கணவனின் நோய், கணவனின் ஆசை, கணவனின் உயிர் என்று கதை முழுக்க அவனே இருக்கிறான். சுமந்தவளின் கழுத்தும் முதுகும் கதையில் இல்லை. அதற்குப் பதிலாக அவளுக்குக் கற்பு என்ற மந்திர சக்தி கொடுக்கப்பட்டிருக்கிறது. சக்தி உள்ளவளுக்கு உதவிக்கு ஆள் எதற்கு?

அம்மாவிடம் சக்தி இல்லை, மூட்டுவலி இருந்தது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். விழுந்துபோன கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகிவிடும் என்பதால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தூக்க வேண்டும். விழுங்குவது சிரமமானதால் தண்ணீர்கூட மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கரண்டி கரண்டியாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஹனேகேயின் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வேலையை அவர் காட்டும் விதம். ஜார்ஜ் தன் மனைவியை நாற்காலியிலிருந்து தூக்கி, அணைத்தபடி, அடிமேல் அடிவைத்து நகர்த்துகிறார். கேமரா கண்ணைத் திருப்பிக்கொள்வதில்லை. ஓர் ஆணின் உடல் அதைச் செய்யும்போது அது உழைப்பு என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அதே அசைவைச் சேலை கட்டிய உடலில் நாம் பண்பு என்று வாசித்துப் பழகியிருக்கிறோம்.

ஒரு காட்சியில் ஆன் தண்ணீர் குடிக்க மறுத்துத் துப்புகிறார். ஜார்ஜ் அவரைக் கன்னத்தில் அறைகிறார். உடனே மன்னிப்பும் கேட்கிறார். என் மாணவிகளுக்கு இதைத் திரையிட்டபோது, “பாவம் அவர்” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், “ஏய்.” அதற்கு முன்பும் அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு சனிக்கிழமை கஞ்சியை அவர் அம்மாவின் முகத்தில் துப்பி “ஏய்” என்றார். அம்மா அவரை அறைந்தார். வாசலில் பையோடு நின்றிருந்த நான், “அம்மா, நீயா இப்படி?” என்றேன். அம்மா பதில் சொல்லாமல் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டார். வாரம் ஒருமுறை வந்து, பெண்ணியம் கற்பிக்க ஞாயிறு மாலையே பஸ் ஏறிவிடும் என் வாயில் அந்த “நீயா”வை வைத்தது நளாயினிதான்.

படத்திடம் எனக்குக் கேள்விகளும் உண்டு. முரட்டுத்தனமாகத் தலை வாரும் செவிலியைச் சம்பளத்தைக் கொடுத்து ஜார்ஜ் துரத்துகிறார். அவள் வாழ்க்கையைப் பற்றிப் படம் எதுவும் சொல்வதில்லை. மகள் வரும்போது மனைவியின் அறையைப் பூட்டிவைக்கிறார். கடைசியில் தலையணையால் ஆனின் மூச்சை நிறுத்துகிறார். வாழ்ந்தது போதும் என்று ஆன் முன்பு சொன்னதுண்டு. அந்தக் கணத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை. இதையும் காதலின் உச்சம் என்று எழுதினார்கள். ஒற்றை ஆள்மீது எல்லாவற்றையும் ஏற்றினால் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதன் சாட்சியமாகவே எனக்கு அது படுகிறது. தலையணையைப் பிடித்தவர் ஒரு மனைவியாக இருந்திருந்தால் தலைப்பே வேறாகியிருக்கும்.

அப்பா இறந்த பிறகு இந்தப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து, வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே பார்த்தேன். செவிலி வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார்.

“வாரத்துல மூணு நாள் வர்றாளா? அப்ப அந்த மூணு நாளாவது அவர் தூங்கியிருப்பார்ல?”

அறையும் காட்சி வந்தபோது இருவரும் பேசவில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா” என்றேன்.

என்றைக்கு, எதை என்று அம்மா கேட்கவில்லை.