சத்தம் வைத்தால் வந்துவிடும் இடது சேனல்

பகலில் வீடே அதிர வைத்தாலும் இந்த ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்ல முடியாது. வீட்டார் படுக்கப் போன பிறகு வால்யூமைக் குறைத்து வைத்தால்தான் வம்பு. பாட்டின் நடுவில் இடது ஸ்பீக்கர் கரகரக்கும், தேயும், அடங்கிவிடும். அறையின் நடுவிலிருந்து வந்துகொண்டிருந்த பாடகரின் குரல் வலது மூலைக்குப் போய்விடும். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் 'டப்' என்று இடது பக்கம் உயிர் பெறும். அதற்குப் பிறகு குறைத்தாலும் சிறிது நேரம் ஒழுங்காகப் பாடும். பிறகு மறுபடியும் அதே கதை.

ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கி வீட்டிலேயே கட்டிய எல்எம்3886 ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இது. கட்டியவர் மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிக் குடியிருக்கும் கணக்காளர். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் இல்லை. ஆனால் பள்ளி நாளிலிருந்தே சோல்டரிங் அயர்ன் பிடித்த கை. ஒரு மழைக்காலம் முழுக்க இந்தப் பெட்டி அவர் வீட்டுக் கூடத்தில் ஓடியிருக்கிறது.

நல்லதைச் சொல்லிவிடலாம். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, சேனலுக்கு ஒரு ஐசி. இந்த அமைப்பு கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 24 வோல்ட் ஏசி வடிகட்டிய பின் கூட்டல் கழித்தல் 34 வோல்ட் டிசி ஆகிறது. அந்த அளவில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 50 வாட் உண்மையான பவர் கிடைக்கும். கடைவாசலில் '5000 வாட்ஸ் பிஎம்பிஓ' ஸ்டிக்கரோடு நிற்கும் பெட்டிகளில் பல இதில் பாதியைக்கூடத் தருவதில்லை. நேஷனல் செமிகண்டக்டர் உருவாக்கிய ஐசி இது. அந்த நிறுவனத்தை 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் வாங்கிய பிறகும் உற்பத்தி நிற்கவில்லை. இதன் அண்ணனான எல்எம்3875ஐ வைத்து ஜப்பானின் 47 லேபரட்டரி 1999இல் 'கெயின்கார்டு' என்ற ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய பாகங்கள், 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். விலையோ ஆயிரக்கணக்கான டாலர். அதைப் பார்த்துத்தான் உலகமெங்கும் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் இந்த ஐசி குடும்பத்தின் பக்கம் சாய்ந்தார்கள். சாய்ந்தது தப்பில்லை. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று பெயர் வாங்கிய 'ப்ரியா' (1978) பாடல்களை இதில் போட்டுக் கேட்டால், வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்பது துல்லியமாகத் தெரிகிறது. இடது சேனல் விழித்திருந்தால்.

விட்டுவிட்டு வரும் கோளாறு கட்டுகிறவரின் பொறுமையைத் தின்றுவிடும். முழுதாகச் செத்த சேனலை ஒரு மாலையில் பிடித்துவிடலாம். இதுவோ மூடியைத் திறந்தால் ஒழுங்காகப் பாடும், மூடி ஸ்க்ரூ முடுக்கியதும் போய்விடும். பெட்டியின் தலையில் தட்டினால் வரும். 'லூஸ் கனெக்‌ஷன்' என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது.

கட்டியவர் முறையாகத்தான் தேடினார். பின்பக்கம் இடது, வலது ஆர்சிஏ பின்களை மாற்றிச் செருகினார். கோளாறு இடப்பக்கமே நின்றது. ஆகவே பாட்டை அனுப்பும் போனோ வயரோ காரணமில்லை. ஸ்பீக்கர் வயர்களை மாற்றினார். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானது. ஆகவே ஸ்பீக்கரும் காரணமில்லை. வால்யூம் கன்ட்ரோலை வேகமாகத் திருப்பிப் பார்த்தார், கரகரப்பு இல்லை. இந்த மூன்றுக்கும் மூடியைத் திறக்கவே வேண்டாம். முதல் வேலையாக போர்டைக் கழற்றி எல்லா ஜாயின்ட்டிலும் மறுபடி ஈயம் வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளே போனால் சந்தேகப்பட ஆள் நிறைய. ஐசி சூடாகித் தன்னையே அணைத்துக்கொள்கிறதா? எல்எம்3886க்கு அந்தக் குணம் உண்டு. உள்ளே 165 டிகிரி தொட்டால் நின்றுவிடும், 155க்கு இறங்கியதும் கிளம்பும். ஆனால் மெல்லிய சத்தத்தில் அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்? ஹீட் சிங்க்கில் கை வைத்தால் இளஞ்சூடுதான். அடுத்து மியூட் பின். எட்டாம் பின்னிலிருந்து குறைந்தது அரை மில்லி ஆம்பியர் வெளியே போனால்தான் இந்த ஐசி வாய் திறக்கும். 34 வோல்ட் சப்ளைக்கு அந்தப் பின்னில் மாட்டும் ரெசிஸ்டர் 62 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். போர்டில் இருந்தது 33. அதுவும் சரி. ட்ரை சோல்டரா என்று பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தட்டியாயிற்று. ஹேர் டிரையரால் சூடேற்றியும் பார்த்தாயிற்று. ஒன்றும் அசையவில்லை.

இங்கே மல்டிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் வீட்டில் இருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச். மெல்லிய சத்தத்தில் ஸ்பீக்கருக்குப் போவதோ கால் வோல்ட் அளவு. கரன்ட் வருகிறதா என்று பார்க்க உதவும் மீட்டர், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்க உதவாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ளதாக வாங்க வேண்டும். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு அளந்தால் போதும்; மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும்.

கடைசியில் கட்டியவர் மொத்த போர்டையும் பையில் போட்டுக்கொண்டு மந்தைவெளியில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் போனார். அவர் பையைத் திறக்கவேயில்லை.

"தம்பி, சத்தம் வச்சா வருதா?"

"வருதுண்ணே."

"வச்சுட்டுக் குறைச்சா?"

"கொஞ்ச நேரம் நிக்குது. அப்புறம் போயிடுது."

"அப்ப போர்டை ஏன் தூக்கிட்டு வந்தீங்க? ரிலேவை மாத்துங்க."

ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டில் இருக்கும் ரிலேயைத்தான் அவர் சொன்னார். ஐசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் காவல் அது. ஸ்விட்ச் போட்டதும் சில நொடி பொறுத்து 'டிக்' என்று சேரும். அதனால்தான் ஆன் செய்யும்போது 'தும்' என்ற அதிர்ச்சி ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஐசி செத்து 34 வோல்ட் டிசி நேராக வந்தால் துண்டித்துவிடும். துண்டிக்காவிட்டால் 6 ஓம் காயிலில் 190 வாட்டுக்கு மேல் சூடு ஏறி வூஃபர் கருகும். ஆகவே ரிலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிரச்சினை, அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது.

இந்த போர்டுகளில் வருவது 10 ஆம்பியர் ரிலே. மோட்டாரையும் ஹீட்டரையும் இயக்கப் பிறந்தது. அதன் கான்டாக்ட் வெள்ளிக் கலவை. வெள்ளி காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும்; பூஜையறை வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. பெரிய மின்னோட்டம் போகும்போது அந்தக் கறுப்புப் படலம் உடைந்துபோகும், தொல்லையில்லை. அதனால்தான் இந்த ரகத்தின் டேட்டாஷீட்டுகளில் அதிகபட்சத்தோடு குறைந்தபட்சமும் போட்டிருக்கும்: பெரும்பாலும் 5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர். யாரும் படிக்காத வரி அதுதான்.

இரவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தூங்குகிறவர்களை எழுப்பாமல் கேட்க 10 மில்லி வாட் போதும். 8 ஓமில் அது 0.28 வோல்ட், 35 மில்லி ஆம்பியர். ரிலே கேட்கும் குறைந்தபட்சத்தில் பாதிகூட இல்லை. படலத்தை உடைக்கத் தெம்பில்லாமல் சத்தம் கரகரத்து நிற்கிறது. வால்யூமை ஏற்றி 5 வாட்டுக்குக் கொண்டுபோனால் 6.3 வோல்ட், முக்கால் ஆம்பியருக்கு மேல். படலம் கிழிகிறது, சேனல் திரும்புகிறது. பெட்டியைத் தட்டினால் வருவதற்கும் இதே காரணம்: கான்டாக்ட் ஒரு மயிரிழை நகர்ந்து சுத்தமான இடத்தில் உட்காருகிறது. சாக்கடை நாற்றம் வரும் கால்வாய் ஓரக் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. வெள்ளிக்கு அதைவிடப் பகை வேறில்லை.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. முதலில் ஐசி அவுட்புட்டில் டிசி அளக்க வேண்டும்; சில பத்து மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, சத்தம் அடங்கிய நேரம் பார்த்து ரிலேயின் இரண்டு கான்டாக்ட் பின்களையும் க்ளிப் வயரால் இணைக்க வேண்டும். சத்தம் உடனே வந்தால் குற்றவாளி அகப்பட்டான். அந்த நேரத்தில் காவல் இல்லை என்பதால் நல்ல ஸ்பீக்கரை வைத்து இதைச் செய்யக் கூடாது. சத்தமாகப் பாடவிட்டு, அணைத்து, ரிலேயைக் கழற்றி ஓம் மீட்டரில் பார்ப்பது வீண். படலம் உடைந்த கையோடு அளந்தால் பூஜ்யம்தான் காட்டும். கட்டியவர் மூன்று வாரம் ஏமாந்தது அதில்தான்.

எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பாகி முன்னைவிட வேகமாகக் கறுக்கும். மூடியைக் கழற்ற முடிகிற ரிலே என்றால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை கான்டாக்டுகளுக்கு நடுவில் வைத்து, மெல்ல அழுத்தி இழுத்தால் சில மாதம் ஓடும். அதற்குப் பதில் புதியதே மாற்றிவிடலாம். நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம். செலவு செய்ய மனமிருப்பவர்கள் ரிலேயையே தூக்கிவிட்டு, இரண்டு மாஸ்ஃபெட்டை முதுகோடு முதுகாக வைத்த சாலிட் ஸ்டேட் போர்டுக்குப் போகலாம். அதில் கறுக்க கான்டாக்டே கிடையாது.

மயிலாப்பூர்ப் பெட்டியில் புது ரிலே ஏறியது. இரவுச் சத்தம் திரும்பிவிட்டது.

ஆம்ப்ளிஃபயர் போர்டுக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். இந்தப் பணத்துக்கு இந்தச் சத்தம் கடையில் கிடைக்காது. புரொடக்‌ஷன் போர்டு ஃபெயில். கண்ணைக் கூசவைக்கும் நீல எல்இடிக்கு இடம் ஒதுக்கியவர்கள் ஒரு சர்க்யூட் படத்தையும் ரிலேயின் டேட்டாஷீட்டையும் உறைக்குள் வைக்கவில்லை. இந்த போர்டுகளை வாங்கப் போகிறவர்கள் அதே தடவையில் நல்ல ரிலே ஒன்றையும் அதற்கான சாக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். காயில் 12 வோல்ட்டா 24ஆ என்று பார்த்து வாங்குங்கள்.